மாமனார் ஏறிய படகு

பிரான்ஸ் நாட்டில் ஓர் ஆற்றங்கரையில் மோர்வான் என்ற ஓவியர் இருந்தார். நாலு சுவருக்குள் உட்கார்ந்து வரைவது அவருக்கு ஆகாது. வெட்டவெளியில் நின்று, வெயில் மாறுவதற்குள் படத்தை முடித்துவிடுவார். "பாதியிலேயே விட்டுவிட்டார் போல" என்று பாரிஸ் பண்டிதர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அவருடைய சீடன் பாஸ்தியான் சிரிக்கிற நிலையில் இல்லை. மாமனாரின் சீஸ் கடையை உதறிவிட்டு வந்தவன் அவன். இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு ஒரு படமாவது அனுப்பாவிட்டால், கடைக்கே திரும்பிவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். படங்களை ஏற்றிப்போக அன்று மாலை வண்டி வருகிறது. இன்னும் ஒரு படம்கூட ஆகவில்லை, பாவம்.

படகில் ஒருவர் அமர்ந்திருக்கும் காட்சியை வரையத் தொடங்கினான். உட்கார ஆள் கிடைக்காமல் மாமனார் குர்தோவையே கூப்பிட்டான். மாப்பிள்ளை தோற்பதைக் கிட்டே இருந்து பார்க்கலாமே என்று அவரும் சந்தோஷமாக வந்தார்.

பாஸ்தியான் படகை முளையில் இறுக்கிக் கட்டினான். வாத்துகளை விரட்டினான். காற்றில் ஆடிய நாணலையும் விடவில்லை, அதற்கும் ஒரு கயிறு.

"அசையாதீர்கள் மாமா!"

மாமனார் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்து, அப்படியே தூங்கியும் போனார். மதியம் ஆயிற்று. படம் நகரவில்லை.

"குருவே, இந்த வெயில் ஓர் இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது."

"நின்றால்?"

"பிரமாதமாக வரைந்துவிடுவேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குரு அதைச் சொல்லவில்லை. படத்தை எட்டிப் பார்த்தார்.

"எல்லாவற்றையும் கட்டிப்போட்டுத்தானே வரைகிறேன், இதில் ஏன் உயிரே இல்லை?" என்று கேட்டான் பாஸ்தியான்.

மோர்வான் முளையருகே போனார். முடிச்சை அவிழ்த்தார். படகை ஒரு தள்ளுத் தள்ளினார்.

குர்தோ திடுக்கிட்டு விழித்தார்.

"மாப்பிள்ளை! படகு போகிறது!"

எழுந்தார், தடுமாறி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். தொப்பி தண்ணீரில் விழுந்தது. அவருடைய சிவப்புக் கழுத்துத்துணியின் பிம்பம் ஆறு முழுக்கத் துண்டு துண்டாகச் சிதறி ஆடியது.

"ஐயையோ, என் படம் போகிறதே!" என்று அலறினான் பாஸ்தியான். மாமனாரின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. "குருவே, அவருக்கு நீச்சல் தெரியாது!"

குரு தூரிகையை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"இடுப்பளவு தண்ணீர்தான். நீ வரைந்து முடிக்கும்வரை அவரிடம் சொல்லாதே."