ரொட்டியை ஏன் மூடுகிறார்கள்

"என் மகளை உங்க பாலர் வகுப்புல சேர்க்கணும், மோரா. அதுக்கு முன்னாடி அவளுக்கு என்னென்ன சொல்லித்தரணும்?" என்று மில்கா கேட்டாள்.

மோரா ரூமா குழந்தைகளின் குட்டி நாற்காலிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு என்னென்ன தெரியும்?"

மில்கா தயங்கினாள். பொய் சொல்ல ஒரு கணம் மனசு வந்தது. வாய் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

மோரா நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நல்லது. அதை அப்படியே பத்திரமா வச்சுக்குங்க. மழை ஆரம்பிச்சதும் குழந்தையைக் கூட்டிட்டு வாங்க."

அடுத்த நாற்காலியைத் துடைக்கப் போய்விட்டார்.

பம்பாய் பைகுல்லாவில், யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்றின் பின்முற்றத்தை ஒட்டிய அறையில் நடந்தது அந்த வகுப்பு. மோரா என்றால் எபிரேயத்தில் ஆசிரியை. ரூமா கொச்சியிலிருந்து வந்து அங்கே குடியேறியவர். பேச்சு குறைவு. பிள்ளைகளைப் பற்றிக் குழம்பிப் போனவர்களெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். பாதிப் பேர் கோபத்தோடு திரும்பிப் போவார்கள். போனவர்கள் மறுபடியும் வருவார்கள்.

மில்காவும் அன்று கோபத்தோடுதான் போனாள்.

"என்னைக் கிண்டல் பண்றாங்க," என்றாள் கணவனிடம்.

ஹஸ்கேல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"மோரா கிண்டல் பண்ணி யாரும் பார்த்ததில்லையே?"

"பின்னே, தெரியாததைப் பத்திரமா வச்சுக்கன்னா என்ன அர்த்தம்?"

அவனுக்கும் விளங்கவில்லை. கைகால் கழுவப் போனான்.

மில்கா கொங்கணக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவள். அந்த ஊரில் யூதர்கள் என்றால் அவள் குடும்பம் மட்டும்தான். அப்பா செக்கு ஓட்டினார். சனிக்கிழமை மட்டும் செக்கு நிற்கும். அதனால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றார்கள். அதற்கு மேல் வேதமோ, எபிரேயமோ, பண்டிகை முறையோ அந்த வீட்டில் இல்லை. இருந்த கொஞ்சத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வயதுக்கு அவள் வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்தாள். முதல் வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் தொடங்கும் நேரம். மாமியார் வீட்டில் அவளை விளக்கேற்றச் சொன்னார்கள். ஏற்றினாள். ஏற்றிவிட்டு, எண்ணெய் வீணாகப் போகிறதே என்று ஊதி அணைத்தாள்.

ஓய்வுநாள் விளக்கை அணைக்கவே கூடாது. அது அவளுக்குத் தெரியாது.

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சிரித்தார்கள்.

தெபோரா பிறந்தபோது மில்கா மனசுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இவளைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

ஆகவே மோரா சொன்னதை அவள் கேட்கவில்லை.

மாடிவீட்டு சேகுலாபாயிடம் போனாள். ரொட்டிக்கு என்ன ஜெபம், பழத்துக்கு என்ன, கை கழுவும்போது என்ன, எல்லாவற்றையும் அடுப்படியில் நின்றே கற்றாள். மில்காவுக்கு நல்ல தலை. ஒருமுறை கேட்டால் போதும். கற்றதை அன்றன்றைக்கே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"திருப்பிச் சொல்லு."

தெபோரா சொல்வாள்.

"கடைசி வார்த்தையை முழுங்கிட்ட. மறுபடியும்."

மறுபடியும் சொல்வாள்.

தட்டில் ரொட்டி இருக்கும். ஜெபம் பிசகில்லாமல் வரும்வரை அது தட்டிலேயே இருக்கும்.

மழை தொடங்கியது. மில்கா மகளுக்குப் புதுப் பாவாடை கட்டி, தலை வாரி, கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டி வந்தாள். அன்று அவள் நடையே வேறாக இருந்தது.

"என் மக, தெபோரா. எதை வேணும்னாலும் கேளுங்க, மோரா."

மோரா தரையில் குந்தி, குழந்தையின் கண்மட்டத்துக்கு வந்தார்.

"வர்ற வழியில என்ன பார்த்த?"

தெபோரா அம்மாவை ஏறிட்டாள். பிறகு கைகளைக் கோத்துக்கொண்டு ரொட்டிக்கான ஜெபத்தைச் சொன்னாள். ஓர் எழுத்து பிசகவில்லை.

"சரியா சொன்னேனாம்மா?"

"சரியா சொன்ன கண்ணு."

மோரா கூடையிலிருந்து ஒரு பாவ் ரொட்டியை எடுத்து நீட்டினார். தெபோரா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பசிக்கலை."

"வீட்டுல சாப்பிடுறாளா?" என்று மோரா கேட்டார்.

"சோறு சாப்பிடுவா. கொஞ்ச நாளா ரொட்டி மட்டும் வேண்டாங்கறா. பிள்ளைங்கன்னா அப்படித்தானே."

மோரா குழந்தையின் தோளைத் தட்டி முற்றத்தைக் காட்டினார். அங்கே பிள்ளைகள் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். தெபோரா ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

மோரா அதே ரொட்டியை மில்காவிடம் நீட்டினார்.

"நீங்க சாப்பிடுங்க."

மில்கா வாங்கினாள்.

"அந்தக் கை இல்லை."

கை மாற்றினாள்.

"நின்னுகிட்டா சாப்பிடுவீங்க?"

குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் மோவாயைத் தொட்டது.

"அந்த நாற்காலி இல்லை."

எழுந்து வேறொன்றில் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிட்டாள்.

"அவ்வளவு பெரிய துண்டா?"

சிறிதாகப் பிட்டாள்.

"ரொம்பச் சின்னதாப் போச்சு."

மில்காவின் காதோரம் சுட்டது. மாமியார் வீட்டுக் கூடமும், அந்தப் பெண்களின் வாய்களும் கண்முன் வந்து நின்றன. ரொட்டியை மடியில் வைத்தாள்.

"ஏன், சாப்பிடலையா?"

"பசிக்கலை," என்றாள் மில்கா.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவள் காதில் விழுந்தது.

வெளியே பிள்ளைகளின் கூச்சல் உயர்ந்து தணிந்தது.

"யாரும் அவளைப் பார்த்துச் சிரிச்சிடக் கூடாதுன்னுதான், மோரா."

மோரா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

தெபோரா பள்ளத்தில் விழுந்திருந்தாள். புதுப் பாவாடை முழுக்கச் சேறு. பிள்ளைகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் பலமாகச் சிரித்தது தெபோராதான்.

மில்காவுக்கு எழுந்து ஓடத் தோன்றியது. எழவில்லை.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"மத்தியானம் உங்க மக வீட்டுக்கு வருவா," என்றார் மோரா. "இங்கிருந்து கைநிறைய எதையாவது கொண்டு வருவா. அதை எங்க வைப்பா? எல்லா இடத்துலயும் நீங்களே அடுக்கி வச்சிருக்கீங்களே."

"படிச்சதை எப்படி மறக்கறது?"

"மறக்கச் சொல்லலையே."

"அப்புறம் என்ன பண்ணட்டும்?"

மோரா நாற்காலியிலிருந்த ஈரத்துணியை எடுத்துக்கொண்டு, சேறு பூசிய பிள்ளைகளைத் துடைக்க வெளியே போனார்.

அன்றிலிருந்து மில்கா பாடம் நடத்துவதை விட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைத்ததும் அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். வாயை மூடிக்கொண்டிருப்பது விறகு பிளப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்று மட்டும் கேட்பாள்.

"ஒண்ணுமில்லை."

மறுநாளும் ஒன்றுமில்லை. மழை வலுத்தது. குழந்தை முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள், சட்டைப்பையில் கூழாங்கல்லோடு வந்தாள். ஜெபம் ஒன்றும் வீட்டுக்கு வரவில்லை. ரொட்டியையும் அவள் தொடவில்லை.

"மோரா சொல்லிக்கொடுக்கறாங்களா, இல்லையா?" என்றாள் மில்கா கணவனிடம்.

"அவ உன்கிட்ட சொல்ல மாட்டா," என்றான் ஹஸ்கேல்.

"ஏனாம்?"

"நீ பரீட்சை வைக்கிற மாதிரியே கேக்கற."

மில்காவுக்குச் சுருக்கென்றது. பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. எதைக் கேட்டாலும் சரியா தப்பா என்று பார்க்கத்தான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறாள். குழந்தைக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கேற்றியாகிவிட்டது. மேசையில் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த ரசம் ஒரு கிண்ணத்தில் இருந்தது. பக்கத்தில் ரொட்டி, அதன்மேல் ஒரு வெள்ளைத்துணி. ஹஸ்கேல் கிண்ணத்தைக் கையிலெடுக்கப் போனான்.

மில்கா அந்தத் துணியைப் பார்த்தாள். வாரா வாரம் அவளே துவைத்து, மடித்து, போர்த்துகிற துணி. மாமியார் போர்த்தினார், இவளும் போர்த்தினாள். சேகுலாபாயிடம் அத்தனை ஜெபங்களைக் கற்றவள் இதைக் கேட்கவே இல்லை.

"ரொட்டியை ஏன் மூடுறோம்?" என்றாள்.

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. தானாக வாயில் வந்துவிட்டது.

தெபோரா நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நிஜமாவா?"

"நிஜமா கண்ணு. எனக்குத் தெரியாது."

குழந்தை அம்மாவின் முகத்தை ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் சாய்ந்து பார்த்தாள். உள்ளே எங்காவது பதில் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுபோல இருந்தது. இல்லை என்று உறுதியானதும் நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

"மத்த நாளெல்லாம் ரொட்டிக்குத்தான் முதல் ஜெபம். இன்னைக்கு மட்டும் ரசத்துக்கு முதல்ல. ரொட்டி பார்த்துட்டு இருந்தா அதுக்கு வெட்கமா இருக்கும்ல? எல்லார் முன்னாடியும். அதான் அதை மூடி வைக்கிறோம். மோரா சொன்னாங்க."

ஹஸ்கேல் கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றான்.

மில்கா துணியின் ஓரத்தை மெல்ல இழுத்து, வெளியே தெரிந்த ரொட்டியின் முனையையும் மூடினாள்.

"இப்ப அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. நல்லா மூடிட்ட," என்றாள் தெபோரா.

ரசத்துக்கு ஜெபம் முடிந்தது. துணியை விலக்கினார்கள். ரொட்டிக்கு ஜெபம் முடிந்தது. ஹஸ்கேல் துண்டு துண்டாகப் பிட்டு உப்பில் தொட்டுக் கொடுத்தான். தெபோரா கையை நீட்டி வாங்கி, பேசிக்கொண்டே தின்றாள். இன்னொன்று கேட்டாள்.

மில்கா பார்க்காததுபோல இருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் குழந்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒன்றும் தெரியாத அம்மா ஒருத்தி கிடைத்துவிட்டாளே.

"அம்மா, இன்னொண்ணு இருக்கு. அதுக்கு நீ படுக்கணும்."

"பாத்திரம் கிடக்கே."

"படும்மா!"

மில்கா பாயில் படுத்தாள். தெபோரா தலைமாட்டில் வந்து நின்றாள்.

"இஸ்ரவேல்னு ஒரு தாத்தா. அவருக்கு உடம்பு சரியில்லை. இப்படித்தான் படுத்திருந்தார். பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னாங்க. அவர் பயந்துட்டார். நான் போனப்புறம் நீங்க சாமியை மறந்துடுவீங்களோன்னு. அப்ப பிள்ளைங்க அவர்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. இப்ப நான் சொல்லப் போறேன்."

சின்ன உள்ளங்கை மில்காவின் கண்களை மூடியது. அதில் ரொட்டி வாசனை இருந்தது.

"ஷெமா, மில்கா," என்றாள் குழந்தை. கேள், மில்கா.

மில்காவின் உடம்பு விறைத்தது.

அந்த வரி அவளுக்குத் தெரியும். சேகுலாபாயிடம் கற்றதல்ல. செக்குக்காரர் மகளுக்கு விட்டுப்போனது அந்த ஒரே வரிதான். கேள் இஸ்ரவேலே, நம் தேவன் ஒருவரே. உலகத்தில் யூதர் எவரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஷெமா இஸ்ரவேல். அதில் ஓர் எழுத்தை யாரும் மாற்றியதில்லை. மில்கா என்ற பெயருக்கு அங்கே இடமே இல்லை.

உதடு பிரிந்தது. தப்பு என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"என் பேரை ஏன் சொல்ற?" என்று மட்டும் கேட்டாள்.

"இஸ்ரவேல் தாத்தா இங்க இல்லையே. நீதானே படுத்திருக்க?"

ஹஸ்கேல் சிரிக்கப் போனவன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினான்.

"இருக்கியாம்மா?" குழந்தை குனிந்து கேட்டாள். "ஷெமா, மில்கா."

மில்கா தன் கையை எடுத்து அந்தச் சின்னக் கைமேல் வைத்து, கண்களை இன்னும் இறுக்கமாக மூடினாள்.

"கேக்கறேன்," என்றாள். "சொல்லு."