முதுகுக்குப் பின்னால் ஓடிய படம்

பஸ் நிற்கும், ஆனால் ஏன் நிற்கிறது என்று கண்டக்டருக்கே தெரியாது, அப்படியொரு ஊர் நெட்டூரணி. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மூளையைக் கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி பத்திரமாக வைத்திருப்பார்கள். அடிக்கடி எடுத்தால் நைந்துவிடும் என்று பயம்.

அங்கே பங்கஜம் டாக்கீஸ் என்று ஒரு தியேட்டர். அதன் சைக்கிள் ஸ்டாண்டில் தினமும் சாயங்காலம் கூடுகிற ரசிகர் சங்கம் ஒன்று. சங்கத்துக்கு ஒரே வேலைதான். எந்தப் படம் முதலிடம், எது இரண்டாமிடம் என்று பேசுவது. அரிசி மில் வைரக்கண்ணு தலைவர். வெங்காய மண்டி குழந்தைசாமியும், பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கும் தெய்வசிகாமணியும் தூண்கள். இஸ்திரிக் கடை அம்பலவாணன் வாயே திறக்காத உறுப்பினர். திறக்க ஆசைதான். 'ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது' என்று சங்கத்தில் ஒரு விதி இருந்தது. எப்போதும் யாராவது ஒருவர் பேசிக்கொண்டிருந்ததால் அவருடைய முறை வரவே இல்லை.

டாக்கீஸுக்கு வெள்ளிவிழா வந்தது. முதலாளி அருணகிரி சங்கத்தைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு காட்சி. நீங்க எந்தப் படம் சொல்றீங்களோ அதை வரவழைச்சு ஓட்டறேன். எல்லாரும் உக்காந்து பேசி, முதலிடம் எதுன்னு சொல்லுங்க. பாரபட்சம் மட்டும் கூடாது. அவனவன் பார்த்த படம், அவனவனுக்குப் பிடிச்ச படம்னு இழுக்காதீங்க."

"இழுக்க மாட்டோம்" என்று வைரக்கண்ணு சத்தியம் செய்தார்.

அம்பலவாணன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் 'மாட்டுச்சந்தை மாப்பிள்ளை' என்ற படத்தை அந்த ஊர்ச் சந்தையில் எடுத்தார்கள். அதில் அவர் நடித்திருந்தார். கதாநாயகன் வழி கேட்கும்போது தலையில் வைக்கோலோடு குறுக்கே நடக்க வேண்டும், நடந்தார். படம் எங்கோ வெளியூரில் ஓடுவதுபோல் நடித்துவிட்டுப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நெட்டூரணிக்கு வரவே இல்லை. அவரும் பார்த்ததில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை சினிமாவில் நடித்தவர்" என்று தரகர் சொல்லிவைத்தார். பொற்கொடி அதற்காகவே தலையாட்டினாள். இன்றுவரை எந்தப் படம் வந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, "இதுல வருவீங்களா?" என்று கேட்பாள். அவளுடைய அண்ணன் சந்தனராசுவோ வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ன மாப்ள, உங்க படம் எப்ப வருது? என் பேரன் பாக்கிறதுக்குள்ள வந்துருமா?" என்பார். அவருக்கு இன்னும் மகனே பிறக்கவில்லை.

இந்த ஒரு காட்சியை விட்டால் இனி எந்தக் காலத்திலும் இல்லை.

சங்கம் கூடியது.

"எது அதிகமா அழ வைக்குதோ அதுதான் நல்ல படம். ஆளுக்கொரு படத்தோட கதையைச் சொல்லட்டும். கேக்கிறவங்க கண்ணீரை டம்ளர்ல பிடிச்சு அளப்போம்" என்றார் தலைவர்.

தலைவர் முதலில் சொன்னார். தாய் செத்து, தங்கை செத்து, கடைசியில் நாயும் சாகிற படம். பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னதால் நாய் சாகும் நேரத்தில் டவுன் பஸ் வந்துவிட்டது. அழ வேண்டியவர்கள் சீட்டுப் பிடிக்க ஓடினார்கள். டம்ளர் காலி.

குழந்தைசாமி தன் மண்டியில் உட்கார்ந்து, சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு சிரிப்புப் படத்தின் கதையைச் சொன்னார். மாமனார் வேட்டி கிணற்றில் விழுவதற்குள் டம்ளர் பாதி நிறைந்துவிட்டது. தலைவர் தேம்பித் தேம்பி அழுதார்.

"இவ்வளவு சோகத்தை நம்ம ஊர் தாங்காதுப்பா. வெள்ளிவிழா அன்னிக்கு வேண்டாம்" என்று அதை ஒதுக்கினார்கள்.

அடுத்து ஆளுக்கொரு படத்தின் பெயரைச் சொல்லி வரிசைப்படுத்தப் பார்த்தார்கள். முதலிடம் சுலபமாகக் கிடைத்தது. இரண்டாமிடத்தில்தான் சிக்கல்.

"என் படம் எப்படிய்யா ரெண்டாவது?" என்றார் தெய்வசிகாமணி.

"சரி, அதுவும் முதலிடம்."

"அப்ப என் படம் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் குழந்தைசாமி.

இப்படியாக எல்லாப் படமும் முதலிடம் பிடித்தது. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டு முதலாளியிடம் போனார்கள். ஒரே திரையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் நேரம் மிச்சமாகுமே என்று தலைவர் யோசனையும் சொன்னார். முதலாளி மின்விசிறியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"வைரக்கண்ணு, நான் என்ன சொன்னேன்? பார்த்த படம், பிடிச்ச படம்னு இழுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

அப்போதுதான் தெய்வசிகாமணிக்குப் பொறி தட்டியது.

"தலைவரே, தப்பு நம்மமேலதான். பார்த்தாத்தானே பிடிக்குது? பிடிச்சாத்தானே பாரபட்சம் வருது? அப்ப யாருமே பார்க்காத படத்தைத்தான் தேர்ந்தெடுக்கணும்."

"அது நல்ல படம்னு எப்படித் தெரியும்?"

"அதுல ஒரு குறை சொல்லுங்க பாப்போம்."

தலைவர் வெகுநேரம் யோசித்தார். பார்க்காத படத்தில் அவரால் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அடேயப்பா! குறையே இல்லாத படம்!" என்றார். "ஆனா யாரும் பார்க்காத படத்துக்கு எங்கே போறது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் யோசித்ததால் சங்கத்தின் வரலாற்றில் முதல்முறையாக யாரும் பேசவில்லை. விதிப்படி அம்பலவாணனின் முறை வந்தது.

"'மாட்டுச்சந்தை மாப்பிள்ளை'" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது.

"அந்தப் பெட்டியா? எடுத்துட்டுப் போனா விநியோகஸ்தர் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவாரே" என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை டாக்கீஸ் நிரம்பி வழிந்தது. பொற்கொடி பட்டுடுத்தி, கனகாம்பரம் வைத்து வந்தாள். பக்கத்தில் சந்தனராசு, குறை சொல்வதற்குத் தோதாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மாப்ள, எத்தனாவது சீன்?"

"வழி கேப்பாங்க மச்சான். உடனே வருவேன்."

விளக்கு அணையும் நேரத்தில் வைரக்கண்ணு மேடையேறினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்தப் படத்துக்கு முதலிடம் ஏன் கிடைச்சுது? நாம யாரும் இதைப் பார்க்கலை, அதனாலே. இப்ப பார்த்துட்டோம்னா என்ன ஆகும்? பத்தோடு பதினொண்ணா ஆயிரும். நம்ம கையாலேயே முதலிடத்தைக் கெடுக்கலாமா?"

"கூடாது!" என்றது சபை.

"அப்ப எல்லாரும் திரும்பி உக்காருங்க!"

நாற்காலிகள் தரையோடு முடுக்கப்பட்டிருந்தன. ஆகவே சனங்கள் நாற்காலிமேல் முழங்காலிட்டு, முதுகுச் சாய்மானத்தைக் கட்டிக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். படம் தொடங்கியது.

அம்பலவாணனுக்கு அழுகை வந்தது. "பொற்கொடி, என் சீன் வரும்போது மட்டும் லேசாத் திரும்பேன்" என்று கெஞ்சினார்.

"நல்லா இருக்கு! உங்க படத்தோட முதலிடத்தை நானே கெடுப்பேனாங்க? ஊர் என்ன சொல்லும்?"

திரும்பி உட்கார்ந்த சபைக்கு எதிரே இருந்தது பின்சுவர். அதன் உச்சியில் மெஷின் ரூமின் சன்னல். உள்ளே விளக்கு எரிந்தது. ஆபரேட்டர் சூசை தூக்குச்சட்டியைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊரே கண்கொட்டாமல் அதைப் பார்த்தது. அவர் ஊறுகாயை நக்கியபோது பெண்கள் பக்கம் நாக்கில் எச்சில் ஊறியது. மிளகாயைக் கடித்தபோது யாரோ "ஐயோ, தண்ணி குடி!" என்று கத்தினார்கள். தண்ணீர் குடித்தார். விசில் பறந்தது.

"ஆரம்பமே நல்லாருக்கே. மாப்ள எங்கே காணோம்?" என்றார் சந்தனராசு.

அப்போது முதுகுப் பக்கமிருந்து கணீரென்று ஒரு குரல் கேட்டது. "ஐயா, சந்தைக்கு எப்படிப் போகணும்?"

அம்பலவாணனால் பொறுக்க முடியவில்லை. ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்துவிட்டார். திரையில் ஒரு பெரிய வைக்கோல் கட்டு போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கால்கள். கால்கள் அவருடையவைதான். முகத்தைக் காணோம். வைக்கோல் இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் மறைந்தது. அவ்வளவுதான்.

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு நடந்தபோது முகம் தன்னோடுதான் இருந்தது என்று நன்றாக நினைவிருந்தது. கால் வந்துவிட்டது, வைக்கோல் வந்துவிட்டது, முகம் மட்டும் எங்கே போயிருக்கும்? படம் எங்கிருந்து வருகிறது? மெஷின் ரூமிலிருந்து. அப்படியானால் வராத முகம் அங்கேதானே தங்கியிருக்க வேண்டும்?

எழுந்து ஓடினார். இரும்புப் படிகளில் தடதடவென்று ஏறினார்.

"சூசையண்ணே, என் முகம் இங்க இருக்கா?"

சூசை சாதத்தை விழுங்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கே."

"எங்கண்ணே?"

"கழுத்துக்கு மேலதான். வேணும்னா வெளியே எட்டிப் பாரு, உங்க ஆளுங்களையே கேளு."

அம்பலவாணன் சன்னலில் தலையை நீட்டினார். விளக்கு வெளிச்சம் முகம் முழுக்க விழுந்தது.

"அதோ எங்க வீட்டுக்காரர்!" என்று பொற்கொடி வீறிட்டாள்.

டாக்கீஸ் அதிர்ந்தது. உதிரிப்பூவும் காகிதத் துண்டும் பறந்தன. பொற்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வைக்கோல் எங்கேன்னுதான் தெரியலை, ஆனா நேர்ல பாக்கிற மாதிரியே இருக்காரு" என்றாள். சந்தனராசு கண்ணாடியைக் கழற்றி, மறுபடி துடைத்துப் போட்டுப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அம்பலவாணன் கூச்சத்தோடு கையைத் தூக்கி ஆட்டினார். ஊரே பதிலுக்குக் கை ஆட்டியது. படம் பாட்டுக்கு ஓட, இது மணிக்கணக்காக நடந்தது.

கடைசியில் சத்தம் பொறுக்காமல் முதலாளி ஓடி வந்தார். "என்ன அக்கிரமம் இது? திரும்புங்கடா எல்லாரும்!"

முதலாளி சொல்லைத் தட்ட முடியுமா? எல்லோரும் திரும்பினார்கள். சரியாக அந்த நேரத்தில் படம் முடிந்து திரையில் 'வணக்கம்' என்று விழுந்தது. மரியாதை தெரிந்தவர்கள், எல்லோரும் எழுந்து கை கூப்பிப் பதில் வணக்கம் சொன்னார்கள்.

மறுநாள் சங்கம் கூடியது.

"படம் ரொம்பச் சின்னதுய்யா. ஒரு வணக்கத்தைப் போட்டாங்க, முடிச்சிட்டாங்க. இதுக்கா முதலிடம்?" என்றார் குழந்தைசாமி.

"சன்னல் படம்தான் படம். சாப்பாடு இருக்கு, காரம் இருக்கு, கடைசியில நம்ம அம்பலவாணன் வர்றாரு" என்றார் தெய்வசிகாமணி.

வாக்கெடுப்பு இல்லாமலே சன்னல் படத்துக்கு முதலிடம் கிடைத்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நெட்டூரணி மக்கள் டிக்கெட் எடுத்து, திரைக்கு முதுகைக் காட்டி முழங்காலிட்டு உட்கார்கிறார்கள். அம்பலவாணன் இஸ்திரி போட்ட சட்டையோடு படியேறிப் போய்ச் சன்னலில் சூசையோடு கதை பேசுகிறார். தயிர்சாதம் இப்போது சந்தனராசு வீட்டிலிருந்து வருகிறது. திரையில் என்ன படம் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

எல்லோருக்கும் திருப்தி. பொற்கொடிக்கு மட்டும் ஒரு சின்னக் குறை. நேற்றுச் சோறு போடும்போது புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள்:

"நடிப்பெல்லாம் பிரமாதங்க. ஆனா நீங்க முன்னாடி வாயசைக்கிறீங்க, சத்தம் மட்டும் எனக்கு முதுகுப் பக்கத்துல இருந்து வருது. முதலாளிகிட்டச் சொல்லி அந்தக் கோளாறைச் சரிபண்ணச் சொல்லுங்களேன்."