மீசை வைத்த மருத்துவச்சி

மருதங்கோட்டை மன்னர் குணவீரருக்கு ஒற்றர் பயம் அதிகம். கோட்டைக்குள் நுழைகிற ஒவ்வொருவரையும் இன்னார் என்று விசாரித்துத்தான் விட வேண்டும் என்று உத்தரவு போட்டார். என்னென்ன விசாரிப்பது என்று வாசலில் கல் நட்டு வைக்கும் பொறுப்பு அமைச்சர் அரிகேசனாருக்கு வந்தது.

அரிகேசனார் கெட்டிக்காரர்தான். ஆனால் தன்னைத் தவிர வேறு யாரையும் அவருக்கு நினைக்கத் தெரியாது. பெயர், ஊர், முகம், அடையாளம் என்று நான்கு கேள்விகளோடு நிறுத்தியிருக்கலாம். காவலர்களுக்குப் புரிய வேண்டுமாம்! தன்னையே மாதிரியாக வைத்து, பதிலையும் சேர்த்து வெட்டச் சொல்லிவிட்டார்.

"பெயர் அரிகேசனார். ஊர் அழகாபுரி. முகம் முறுக்கு மீசை. அடையாளம் இடது புருவத்தில் தழும்பு. இப்படி இல்லாதவரை உள்ளே விடாதே. விட்டால் காவலன் தலை இராது."

மன்னர் படித்தும் பார்க்காமல் முத்திரை வைத்தார். விடிந்ததும் கல்லை நட்டார்கள். அமைச்சரும் பழைய நேர்த்திக்கடன் ஒன்றைத் தீர்க்க மலைக்கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அன்றைக்கென்று பார்த்து, அரசவை விகடகவி சேந்தனின் மனைவிக்கு இடுப்பு வலி கண்டது. தலைப்பிள்ளை. மருத்துவச்சி பொன்னாச்சி இருப்பதோ கோட்டைக்கு வெளியே. அவளுக்கு ஆள் அனுப்பிவிட்டு, சேந்தன் நிலைகொள்ளாமல் வாசலுக்கு ஓடினான். அங்கே பொன்னாச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு காவலன் மாசாத்தனை வைதுகொண்டிருந்தாள்.

"உன் பிள்ளைகளையே நான்தானடா எடுத்தேன். என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் ஆச்சி. ஆனால் உங்களுக்கு மீசை இல்லையே!"

சேந்தன் பதறி வெளியே வந்து மாசாத்தனின் கையைப் பிடித்தான். "என் பெண்டாட்டி அங்கே துடித்துக்கொண்டிருக்கிறாள். ஆச்சியை உள்ளே விடப்பா."

"கல் விடச் சொல்லவில்லையே, ஐயா. என் தலை போய்விடும். இன்னொன்று... நீங்களும் இப்போது வெளியே வந்துவிட்டீர்கள். உங்களுக்கும் தழும்பு இல்லை."

ஊரையெல்லாம் சிரிக்க வைக்கிறவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்லை மறுபடி படித்தான். இன்னொரு தடவையும் படித்தான். அழுகை நின்றது.

"மாசாத்தா, கல்லில் உள்ளபடி இருந்தால் விட்டுவிடுவாய் அல்லவா?"

"விடாவிட்டாலும் என் தலை போகுமே, ஐயா!"

பக்கத்தில் கடலை வறுக்கிறவளின் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு. பூக்காரியிடமிருந்து கொஞ்சம் குங்குமம். பொன்னாச்சியின் மேலுதட்டில் முறுக்கு மீசை முளைத்தது. புருவத்தில் சிவப்பாய்த் தழும்பு விழுந்தது.

"பெயர்?" என்றான் மாசாத்தன்.

"அரிகேசனார்," என்றாள் பொன்னாச்சி கட்டைக் குரலில்.

"ஊர்?"

"அழகாபுரி. வழியை விடுடா, பனிக்குடம் உடைந்துவிடும்!"

மாசாத்தன் கல்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. நிம்மதியாகக் கும்பிட்டு, "உள்ளே வாருங்கள், அமைச்சரே," என்றான்.

அவள் பின்னாலேயே சேந்தனும் அரிகேசனாராகி உள்ளே ஓடினான். பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் சும்மா இருக்குமா? பூக்காரி, எண்ணெய்ச் செட்டியார், வண்ணார், நாதஸ்வரக்காரர், எல்லோரும் கரியைக் கேட்டு அடித்துக்கொண்டார்கள். கடலைக்காரிக்கு அன்று கடலையைவிடக் கரிதான் நன்றாக விற்றது.

உச்சி வேளையில் அசல் அரிகேசனார் பல்லக்கில் திரும்பினார். நேர்த்திக்கடன் என்றால் மொட்டைதானே? தலையில் முடி இல்லை, முகத்தில் மீசையும் இல்லை. தலை முதல் புருவம் வரை சந்தனம் அப்பியிருந்தது.

"மீசை எங்கே?" என்றான் மாசாத்தன்.

"சாமிக்குக் கொடுத்துவிட்டேன். நான்தானடா அரிகேசனார்! இந்தக் கல்லை வெட்டச் சொன்னதே நான்தான்!"

"காலையிலிருந்து எத்தனையோ அரிகேசனார் உள்ளே போயிருக்கிறார்கள், ஐயா. அவர்களில் ஒருவர்கூட இப்படிச் சத்தம் போடவில்லை."

கூச்சல் கேட்டு மன்னரே வாசலுக்கு வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அரிகேசனார் வெளியே நின்றபடி குதித்தார். "மகாராஜா, இது சேந்தனின் வேலை! என் பெயரில் ஆள்மாறாட்டம்! அவனைக் கழுவில் ஏற்றுங்கள்!"

வரவழைக்கப்பட்ட சேந்தன் கரி மீசையோடு வந்து நின்றான். காது மட்டும் தன் வீட்டுப் பக்கமே இருந்தது.

"கல்லில் உள்ள ஓர் எழுத்தையும் நான் மீறவில்லை, அரசே. வெல்லம் காய்ச்சுகிறவர்கள் அச்சைக் காலியாக வைத்திருப்பார்கள். அப்போதுதானே அவரவர் பாகை ஊற்ற முடியும்? நம் அமைச்சர் தம்முடைய வெல்லத்தை அச்சிலேயே விட்டுவிட்டார். கேள்வி கல்லில் இருக்கலாம். பதில் வருகிறவரிடம் அல்லவா இருக்க வேண்டும்? மனிதர் மொட்டை போடுவார், மீசை எடுப்பார். கல் போடுமா?"

மன்னருக்குச் சுருக்கென்றது. முத்திரை வைத்தது அவர்தானே! ஆனாலும் விறைப்பாகவே கேட்டார்: "அது இருக்கட்டும். முதலில் நுழைந்த போலி அரிகேசனார் எங்கே? உடனே இங்கே வரச் சொல்!"

"இப்போது முடியாது, அரசே. அமைச்சர் என் வீட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிற்பியைக் கூப்பிட்டு, கேள்விகளை மட்டும் விட்டுவிட்டுப் பதில்களைச் செதுக்கி எடுக்கச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனின் கழுத்தில் போட்டார்.

"அதுவரை நான்?" என்று பரிதாபமாகக் கேட்டார் அரிகேசனார்.

"அதுவரை கல் கல்தான்," என்றார் மன்னர்.

அந்த நேரத்தில் பொன்னாச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வியர்வையில் மீசை பாதி கரைந்திருந்தது. "பெண் குழந்தை, சேந்தா. தாயும் பிள்ளையும் சுகம்," என்றாள். சேந்தன் மன்னர் முன்னால் நிற்பதையும் மறந்து தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

வீட்டுக்குப் போக வாசலைத் தாண்டிய பொன்னாச்சி, அங்கே மொட்டைத் தலையோடு வெயிலில் நின்ற அமைச்சரைப் பார்த்தாள். மிச்ச மீசையை அழித்துவிட்டு, மடியிலிருந்த கரித்துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"என் வேலை முடிந்தது, ஐயா. இனிமேல் நீங்களே அரிகேசனாராக இருந்துகொள்ளுங்கள்."