வராதவனின் சைக்கிள்

"அன்னிக்கு நான் நின்னிருந்தா, மயில்சாமி இன்னிக்கு நடந்துட்டு இருப்பானுங்களா?"

ராக்கியண்ணன் கேட்டது இவ்வளவுதான். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கோச்சம்மா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணிக்கு ஒரு சொட்டு.

"தெரியாதுங்கண்ணா," என்றாள்.

அடுத்த கண்ணிக்கு ஒரு சொட்டு.

*

பந்தயம் பழக்குகிற கோச் என்பதால் கோச்சம்மா. அவளுக்கு நீலவேணி என்று ஒரு பேர் உண்டு. கூப்பிடத்தான் ஆளில்லை. ராக்கியண்ணனைவிட எத்தனையோ வயசு இளையவள். ஆனாலும் அந்த மலையடிவாரத்தில் சேற்றுப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அவள் சொன்னால் சொன்னதுதான்.

சேற்றுப் பந்தயம் என்றால் ரோட்டில் சைக்கிள் விடுவதில்லை. மழையில் ஊறிக் கிடக்கிற காட்டில் விடுவது. மேடு, பள்ளம், சகதி. ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். நடுவில் முழங்கால் உசரத்துக்குக் குறுக்கே பலகை அடித்திருப்பார்கள். கட்டை என்பார்கள் அதை. அங்கே இறங்கி, சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தாண்டி ஓடி, மறுபடி ஏறி மிதிக்க வேண்டும்.

இதில் யாருக்கும் பிழைப்பு கிடையாது. ராக்கியண்ணனுக்கு மாவு மில். இத்ரீஸுக்குக் கறிக்கடை. மயில்சாமி ஸ்கூல் வேன் ஓட்டினான். வாரமெல்லாம் பாடு பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேற்றில் புரளுவார்கள். மூன்று பேரும் ஒரே டீம். ஒரே நிறத்தில் சட்டை.

மழைக்காலம் தொடங்கின சமயம் ஒரு பந்தயம். கடைசிச் சுற்று. மயில்சாமி முன்னால், ராக்கியண்ணன் அவன் முதுகை ஒட்டினாற்போல் பின்னால். கட்டையில் மயில்சாமிக்குக் கால் தட்டிவிட்டது. குப்புற விழுந்து புரண்டான். அவன் சைக்கிள் அவன் மேலேயே விழுந்தது.

ராக்கியண்ணன் கட்டையைத் தாண்டினான்.

அடுத்த எட்டில் மயில்சாமியைத் தாண்டினான்.

ஏறி மிதித்து இரண்டாவதாக வந்தான். கோப்பை கொடுத்தார்கள்.

மயில்சாமிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இனி வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ராக்கியண்ணன் அந்த வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. மில்லுக்கு அந்த வீடு இருக்கிற சந்துதான் குறுக்கு வழி. ஊரைச் சுற்றிக்கொண்டு போய் வந்தான்.

*

இத்ரீஸ் அவனுக்கு ஆறுதல் சொல்லிப் பார்த்தான்.

"அட, டாக்டரே சொல்லிட்டாரப்பா. விழுந்த அந்த நிமிசமே போயிருச்சாமா. நீ தூக்கியிருந்தீன்னா இன்னும் மோசமாப் போயிருக்குமாமா. தூக்காம வந்ததே நல்லதுன்னுட்டாரு."

"அது எனக்கு அப்பத் தெரியாதே," என்றான் ராக்கியண்ணன்.

இத்ரீஸ் தராசைத் துடைக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் கோச்சம்மாவின் கொட்டகைக்கு வந்தான் ராக்கியண்ணன்.

"ஒருத்தன் விழுந்தா மத்தவன் தொடக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களே. எது மாத்தறதுன்னாலும் பிட்டுல வெச்சுத்தான் மாத்தோணும், வெளிய ஒருத்தனுக்கு ஒருத்தன் கை குடுக்கப்படாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

பிட் என்பது வட்டத்தின் ஓரத்தில் கயிறு கட்டின ஓர் இடம். ஒவ்வொருத்தனுக்கும் ஓர் ஆள் அங்கே மாற்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"சொல்லிக் குடுத்தேன்," என்றாள் கோச்சம்மா. "சைக்கிளுக்குங்கண்ணா."

ராக்கியண்ணனுக்கு முகம் சுருங்கிற்று.

"அன்னிக்குப் பிட்டுல நின்னது நீங்கதானுங்க. கட்டைக்கு நேரா நின்னீங்க. அவன் விழுந்ததும் 'ஓடு'ன்னு கத்தினீங்க. என் காதுல விழுந்துதுங்க."

"ஆமா. கத்தினேன்."

"அப்பப் பாவத்துல பாதி உங்களுது."

கோச்சம்மா எண்ணெய்ச் சீசாவைக் கீழே வைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். இரண்டு கையையும் அவன் முன்னால் ஏந்தினாள்.

"பாதி என்னத்துக்குங்கண்ணா? முழுசையும் குடுங்க. நானே வெச்சுக்கறேன்."

ராக்கியண்ணன் விழித்தான்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேனுங்க."

"இப்பக் கனம் கொறைஞ்சுதுங்களா?"

கொட்டகைத் தகரத்தின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

"இல்லீங்க," என்றான்.

கோச்சம்மா மறுபடி சங்கிலியை எடுத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழமை பந்தயம். நீங்க ஓட்ட வேண்டாம். பிட்டுல நில்லுங்க."

"இத்ரீஸுக்கு நிக்கோணுங்களா?"

"அவனுக்கு நான் நிக்கறேன். நீங்க மயில்சாமி சைக்கிளைப் பிடிச்சுட்டு நில்லுங்க."

"அவன் எப்படீங்க வருவான்?"

"பிடிச்சுட்டு நில்லுங்கண்ணா."

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஊற்றிற்று மழை.

கோச்சம்மாவின் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த மயில்சாமியின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான் ராக்கியண்ணன். பிட்டில் நிற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சைக்கிளின் மூஞ்சி போகிற திக்கைப் பார்த்திருக்க வேண்டும். சீட்டில் சேறு இருக்கக் கூடாது. கியர் சின்னதில் கிடக்க வேண்டும். ஆள் ஓடிவந்து கை வைத்த கணத்தில் விட்டுவிட வேண்டும். ஆகவே பிடியை இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது.

முறை தவறாமல் நின்றான்.

ஒவ்வொரு சுற்றுக்கும் சேறு வாரியடித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் சட்டையின் உள்பக்கத்தால் சீட்டைத் துடைத்தான்.

பக்கத்து டீம்காரன் ஒருத்தன் சும்மா இருக்கவில்லை.

"என்னுங்க மில்லுக்காரரே, உங்காளு மழையில கரைஞ்சுட்டானுங்களா? அத்தனை பேரும் நாலு தடவை வந்து போயிட்டானுக."

ராக்கியண்ணன் சீட்டைத் துடைத்தான். அந்த ஆளின் கூட்டாளி அவன் காதில் என்னவோ சொன்னான். சொன்னதும் அந்த ஆள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அப்புறம் இந்தப் பக்கமே பார்க்கவில்லை. கேலி பண்ணினதைவிட அதுதான் ராக்கியண்ணனுக்கு முள்ளாகக் குத்திற்று.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள்.

பிட்டுக்கு நேர் எதிரில் கட்டை. சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் அதில் தடுக்கி விழுந்தான். அவனுக்குப் பின்னால் இத்ரீஸ். சைக்கிள் தோளில். மூச்சு வாயில். ஒரு எட்டில் கட்டையைத் தாண்டினான். மறு எட்டில் சிவப்புச் சட்டையைத் தாண்டினான். ஏறி மிதித்துப் போயே போய்விட்டான்.

கோச்சம்மா கத்தவில்லை. கத்துவதற்கு அவசியமே இருக்கவில்லை.

சிவப்புச் சட்டைக்காரன் எழுந்து, வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு, தானே ஓடினான்.

பந்தயம் முடிந்தது. தலையிலிருந்து கால்வரை சேறு வழிய, பல்லை மட்டும் காட்டிக்கொண்டு வந்தான் இத்ரீஸ்.

"கட்டைகிட்ட விழுந்தானே, அவனுக்கு அடி கிடி பட்டுதா?" என்று கேட்டான் ராக்கியண்ணன்.

"ஆரு விழுந்தா?"

"சிவப்புச் சட்டை. நீதான் அவனைத் தாண்டிட்டுப் போன."

இத்ரீஸின் பல் மறைந்தது.

"நான் ஆரையும் பாக்கலியே ராக்கி. அல்லா மேல சத்தியமாப் பாக்கல."

அவன் சொன்னது நிஜம். அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

*

ஆட்கள் கயிற்றைச் சுருட்டினார்கள். பலகையைப் பிடுங்கினார்கள். டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இத்ரீஸும் போய்விட்டான். காட்டில் மழை மட்டும் நின்று பெய்தது.

ராக்கியண்ணன் சைக்கிளை விடவில்லை. சின்ன கியர். போகிற திக்கைப் பார்த்த மூஞ்சி. துடைத்த சீட்டு.

கோச்சம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"கோச்சம்மா."

"சொல்லுங்கண்ணா."

"மழையில கண்ணு தெரியலைன்னு ஊரு பூராச் சொன்னேன். எம் பொண்டாட்டிகிட்டக்கூட அப்படித்தான் சொன்னேன்."

அவள் கையிலிருந்த துண்டைப் பிழிந்தாள்.

"நான் பாத்தேனுங்க. அவனும் என்னையப் பாத்தான். கையை நீட்டினான். அதைப் பாத்துட்டுத்தான் தாண்டினேன்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் கோச்சம்மா.

ராக்கியண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சைக்கிளைப் பார்த்தாள்.

"அது ஆருதுங்கண்ணா?"

"மயில்சாமிது."

"ஆள் வந்தானா?"

"வரலீங்க."

"இனி வருவானா?"

"வரமாட்டானுங்க."

"வீடு தெரியுமில்ல?"

அவ்வளவுதான் கேட்டாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டாள்.

*

சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவில்லை. ராக்கியண்ணன் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். மேட்டில் ஏறினான். வேண்டாம் வேண்டாம் என்று சுற்றிப் போன அந்தச் சந்துக்குள் நுழைந்தான்.

மயில்சாமியின் பெண்டாட்டி மரகதம் கதவைத் திறந்தாள். அவனையும் பார்த்தாள், அவன் தோளில் இருந்ததையும் பார்த்தாள்.

"இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதுங்களா உங்களுக்கு?"

"ஆமாம்மா."

"தெனமும் கோச்சம்மா வந்து நேரத்துக்கு இவரைப் பொரட்டிப் போட்டுட்டுப் போகும். இன்னிக்குப் பந்தயம், வரமாட்டேன், வேற ஆள் வரும்னு சொல்லிட்டுப் போச்சு. காத்துக் காத்துக் கெடக்கறேன். ஒத்தைக் கையில எனக்கு முடியலீங்க. படுத்த பக்கம் பூராப் புண்ணு வெச்சுருச்சு."

சொல்லிக்கொண்டே வழி விட்டாள்.

ஒரே அறை. மருந்து வாடையும் டெட்டால் வாடையும். கட்டிலில் மயில்சாமி. பாதி ஆளாக இளைத்திருந்தான். போர்வைக்குள் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

ராக்கியண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். சைக்கிளிலிருந்து சேற்றுத் தண்ணி சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

மயில்சாமி அவனைப் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான் பார்த்தான்.

"கியர் எதுல கெடக்குது?"

"சின்னதுல."

"இந்தச் சகதிக்கு அதுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "மணிச்சத்தம் இங்க கேக்கும்டா. கடைசி மணி அடிக்கறப்பத்தான் தாங்கவே முடியாது."

"மயிலு."

"ம்."

"அன்னிக்கு உன்னைய நான் பாத்தேன்டா."

"தெரியும்."

"பாக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அதுவும் தெரியும். இத்ரீஸ் வந்து சொன்னான்." மயில்சாமி இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தான். "பாத்துட்டுத்தான்டா காலை ஒசத்தித் தூக்குன. பாக்காம இருந்தா மிதிச்சுட்டுப் போயிருப்ப. அங்க கெடந்து நான் அதைத்தான் நெனைச்சேன்."

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மரகதம் நிறுத்திவிட்டாள்.

"கையை நீட்டின," என்றான் ராக்கியண்ணன்.

"நீட்டினேன்."

"மன்னிச்சுருன்னு கேக்க எனக்கு வாயில்லடா. அந்தக் கை தூங்கவிட மாட்டீங்குது. மில்லுல மூட்டையைத் தொட்டா அந்தக் கை. சோத்துல கையை வெச்சா அந்தக் கை. நான் என்னடா பண்ணட்டும்? சொல்லு. நீ சொல்றதை நான்..."

அவன் பேசிக்கொண்டே போனான். தோளில் சைக்கிளின் இரும்பு பதிந்து தோல் கன்றிக்கொண்டிருந்தது. அதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

மயில்சாமி பல்லைக் கடித்தான். அவன் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

"ராக்கி, முதுகு தீயா எரியுதுடா," என்றான்.

கட்டிலிலிருந்து கையை நீட்டினான்.

"மொதல்ல அதைக் கீழ வை."