சிரிக்கிற நரம்பு

"டீச்சர், ஃபிலிமா டிஜிட்டலா? ஒரு வார்த்தைல சொல்லிருங்க."

சொரிமுத்து அண்ணாச்சி இப்டிக் கேட்டதும் டீக்கடையே கப்புன்னு அடங்கிருச்சு. தப்பு அவரு மேலதான். தூத்துக்குடி பீச் ரோட்டுல ஞாயித்துக்கெழம காலையில கூடுற போட்டோ கூட்டத்துல வயசு கேக்கலாம், சம்பளம் கேக்கலாம். இதக் கேக்கக் கூடாது.

ஃபிலிம் கட்சிக்கு ஒரு பெஞ்சு. டிஜிட்டல் கட்சிக்கு எதிர் பெஞ்சு. ரெண்டுக்கும் ஒட்டு ஒறவு கெடையாது. டீ மட்டும் ஒரே பாய்லர்.

"ஃபிலிம்தான் அண்ணாச்சி. அதுலதான் உசுரு இருக்கு."

"இருக்கும். கழுவக் குடுத்த எடத்துல அந்த உசுரு போயிரும். டிஜிட்டல எடுங்க."

"போலே, ஆயிரம் எடுத்து ஒண்ணு தேத்துறவன் நீ."

"ஒண்ணு எடுத்து ஆயிரம் பேருட்ட அதையே காட்டுறவன் நீ."

டீச்சர் டீய ஆத்திக்கிட்டு இருந்தாங்க.

டீச்சர்னதும் நரச்ச தலையத் தேடாதீங்க, இந்தக் கூட்டத்துக்குக் கேமரா சொல்லிக் குடுக்குறதால வந்த பேரு அது. ஜெசிந்தாவுக்கு இருவத்தொம்பது வயசு. ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்குற வேல. வாரம் பூரா மத்தவங்க எலும்பப் படம் புடிச்சு அலுத்துப்போயி, ஞாயித்துக்கெழம மட்டும் தோலோட புடிக்க வர்றவங்க.

அண்ணாச்சிக்கு அம்பத்தாறு. ஹார்பர்ல கிரேன் ஓட்டுறாரு. அம்மாம்பெரிய கண்டெய்னர முட்டைய வைக்கிற மாதிரி எறக்கி வைக்கிற கை, கேமராவத் தொட்டா மட்டும் நடுங்கும்.

"எதுக்குக் கேக்கீங்க அண்ணாச்சி?"

"சும்மாதான்."

"சும்மாவுக்கு எதுன்னாலும் போதும்."

அண்ணாச்சி டீ கிளாஸக் கீழ வச்சாரு. மறுபடி எடுத்தாரு. மறுபடி வச்சாரு.

"வீட்டுல அவளுக்கு வியாழக்கெழம ஆப்பரேசன் டீச்சர். காதுக்குக் கீழ ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லன்னுட்டாங்க. ஆனா அத ஒட்டித்தான் சிரிக்கிற நரம்பு ஓடுதாம். முடிஞ்ச வரைக்கும் படாம எடுக்கோம்னாரு டாக்டரு. பட்டுட்டா ஒரு பக்கம் சிரிக்காதாம்."

ரெண்டு பெஞ்சும் தலையக் குனிஞ்சுக்கிட்டு டீயப் பாத்துச்சு.

"அதுக்கு முன்னாடி அந்தச் சிரிப்ப எடுத்து வச்சிரணும். ஒண்ணே ஒண்ணு போதும். மூணு வருசமா கேமரா தூக்குதேன். பூநாரை இருக்கு, உப்பளம் இருக்கு, எவன் வீட்டு ஆடோ எட்டு ஆங்கிள்ல இருக்கு. அவ சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்ல."

"அக்காட்ட சொல்லிட்டீங்களா, இதுக்குத்தான் எடுக்கீங்கன்னு?"

"எப்டிச் சொல்ல? பயந்துர மாட்டாளா?"

ஜெசிந்தா அவர ஏறிட்டுப் பாத்தாங்க. யாரு பயப்படுதான்னு எக்ஸ்ரே எடுக்காமலே தெரிஞ்சுது.

"ரெண்டு கேமராவையும் எடுத்து வைங்க. நாலு மணிக்கு வீட்டுக்கு வாரேன்."

"ஒரு வார்த்தைலதான கேட்டேன் டீச்சர்?"

"வாரேன்."

அது ஒரு வார்த்தைதான்.



பிரம்மசக்தி அக்கா அண்ணாச்சி வீட்டுப் பின்வாசல்ல ஒக்காந்து மீன் கழுவிக்கிட்டு இருந்தாங்க. எதிர்ல பூன ஒண்ணு, கல்யாண வீட்டுல மொதப் பந்திக்கு வந்தவன் மாதிரி கால மடக்கி ஒக்காந்திருந்துச்சு.

"வாம்மா டீச்சரு. இந்த மனுசன் கூப்ட்டாருன்னு நீயுமா வெயில்ல அலையுத?"

மொதல்ல டிஜிட்டல்.

அண்ணாச்சி கேமராவத் தூக்குனாரு. அக்கா மூஞ்சி ஆதார் கார்டு ஆயிருச்சு. கிளிக்.

ஒடனே குனிஞ்சு திரையப் பாத்தாரு. "ப்ச்."

தூக்குனாரு. கிளிக். குனிஞ்சாரு. "ப்ச்."

அவரு குனியுற நேரத்துல அக்கா ஒரு செவுளப் பிச்சுப் பூனைக்குப் போடுவாங்க. பூன அத அந்தரத்துலயே கவ்வும். அக்கா சிரிப்பாங்க. அவரு நிமிந்தா மறுபடியும் ஆதார் கார்டு.

இப்டியே ஒரு நூத்தி அம்பது.

"சிரிட்டி."

"எதுக்கு?"

"சும்மா சிரி."

"சும்மா சிரிச்சா ஊர்ல அதுக்கு வேற பேரு."

அண்ணாச்சி கேமராவக் கழுத்துல இருந்து கழட்டி டீச்சர் கையில குடுத்தாரு. "இது வேலைக்கி ஆவாது."

அடுத்து ஃபிலிம். மத்தியானமே ரோல மாட்டி ரெடியா வச்சிருந்தாரு. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படந்தான், அதனால கண்டபடி அமுக்க முடியாது. கண்ணக் கேமராவுல ஒட்டவச்சு, செவுத்துப் பல்லி மாதிரி மூச்சு விடாமக் காத்துக்கிட்டு நின்னாரு. அஞ்சு நிமிசம். பத்து நிமிசம்.

"டீச்சரு, ஆளு உசுரோட இருக்காரான்னு தொட்டுப் பாரும்மா."

கிளிக். அமுக்குனப்புறந்தான் தெரிஞ்சுது, அது சிரிப்பு இல்ல, பேச்சு.

அக்கா இருமுனா ஒரு கிளிக். கொட்டாவி விட்டா ஒரு கிளிக். மீன் முடிஞ்சு, பானை முடிஞ்சு, வாசலையும் கழுவி விட்டாச்சு.

"எத்தனையாவது அண்ணாச்சி?"

"நாப்பது."

"முப்பத்தாறு படம் ரோலுதான?"

"அதத்தான் சொல்லுதேன் டீச்சர்! ராசியான ரோலு. போய்க்கிட்டே இருக்கு."

ஜெசிந்தா பூனையத் தடவிக் குடுத்தாங்க.

அண்ணாச்சி மூஞ்சி மெல்ல எறங்குச்சு. பின்மூடியத் தொறந்தாரு. ஃபிலிமோட நுனி அந்தப் பக்கத்து உருளையில மாட்டவே இல்ல. மத்தியானம் வச்ச எடத்துலயே நாக்க நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நம்பர் மட்டும் ஒழுங்கா ஓடியிருக்கு, படம் ஒண்ணுகூட விழல.

வேற நாளுன்னா அவரே சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு. இன்னைக்கு அப்டியே ஈரத் தரைல ஒக்காந்துட்டாரு.

"என்னங்க இது, சின்னப்புள்ள மாதிரி? ரோலு போனா இன்னொரு ரோலு."

"ரோலு கெடக்கட்டும்டி. வியாழக்கெழம அந்த நரம்பு போயிருச்சுன்னா, உன் சிரிப்புக்கு நான் எந்தக் கடைக்குப் போவேன்?"

அக்கா கையில இருந்த வாளிய வச்சுட்டாங்க.

"இதுக்கா இவ்ளோ நேரமா என்னப் போட்டுச் சுட்டுக்கிட்டு இருந்தீங்க?"

அவரு தலைய ஆட்டுனாரு.

"எனக்கென்ன தெரியும். பூநாரை எல்லாம் ஊருக்குப் போயிருச்சு, வேற ஆளு கெடைக்காம எம்மேல பாயுதாருன்னு நெனச்சேன்."

கைய முந்தானைல தொடச்சுக்கிட்டு அக்காவும் அவரு எதிர்ல வந்து தரைல ஒக்காந்தாங்க.

"நரம்பு விசயம் எனக்கும் தெரியும். டாக்டரு என் முன்னாடிதான சொன்னாரு? நான் அதுக்குக் கவலப்படல. என் சிரிப்பு எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது. கண்ணாடி முன்னாடி நின்னு எவ சிரிப்பா? நான் சிரிச்சா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆவும். அதத்தான் நான் முப்பது வருசமா பாத்திருக்கேன்."

"என்ன மாதிரி?"

"அது சொல்லத் தெரியாது. நல்லாருக்கும்."

ஜெசிந்தா அண்ணாச்சி மடில கெடந்த கேமராவ எடுத்தாங்க.

"ஃபிலிம் கெட்டுப்போகல அண்ணாச்சி. நுனியத் தவிர எதுவும் வெளிய வரல, முப்பத்தாறும் இன்னும் எடுக்காம உள்ளேயே பத்திரமா இருக்கு."

நுனிய இழுத்து உருளையில கோத்தாங்க. மூடுனாங்க. ரெண்டு தடவ சுத்தி, உள்ள ஃபிலிம் நகருதான்னு பாத்துக்கிட்டாங்க.

அண்ணாச்சி ரெண்டு கையையும் நீட்டுனாரு.

டீச்சர் அத அக்காட்ட குடுத்தாங்க.

"எனக்கா? ஏம்மா, கரண்டி புடிச்ச கையில இதக் குடுக்குத?"

"எல்லாம் வச்சிட்டேன் அக்கா. இந்தப் பொத்தான மட்டும் அமுக்குங்க."

அக்கா அதக் கண்ணுட்ட கொண்டு போகவே இல்ல. அழுவுற புள்ளையத் தூக்கி வச்ச மாதிரி நெஞ்சோட புடிச்சுக்கிட்டு அவரப் பாத்தாங்க. அவரு போட்டிருந்த கண்ணாடி ஒரு பக்கமா எறங்கி, மூக்கு செவந்து, கன்னத்துல எங்கேருந்தோ ஒரு மீன் செதில் ஒட்டி மினுங்கிக்கிட்டு இருந்துச்சு. அத எடுக்கத்தான் பூன எட்டு வச்சு எட்டு வச்சு அவரு தோள்கிட்ட வந்துருச்சு.

அக்காவுக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. முழுச் சிரிப்பு. எடப்பக்கத்துப் பல்லு ஒண்ணு முன்னாடி வந்து எட்டிப் பாக்குற சிரிப்பு.

அண்ணாச்சி மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு.

கிளிக்.

"காட்டு, காட்டு, எப்டி வந்திருக்கு?" பழக்கதோசத்துல கேமரா முதுகப் பாத்தாரு. அங்க வெறும் கறுப்பு மூடிதான் இருந்துச்சு.

"கழுவி வர இருவது நாளாவும் அக்கா."

"வரட்டும்மா. எப்டின்னு எனக்கு இப்பவே தெரியும்."

அவரு வாங்கக் கை நீட்டுனாரு. அக்கா குடுக்கல.

"இங்க பாருங்க. வியாழக்கெழம நான் முழிச்சதும் அங்க எவனும் கண்ணாடி தர மாட்டான். உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். என் வாயி எந்தப் பக்கம் கோணிக் கெடந்தாலும், இப்ப இருந்துச்சே, அதே மூஞ்சி இருக்கணும்."

அண்ணாச்சி நீட்டுன கைய மடக்கிக்கிட்டு, "இருக்கும்டி"ன்னாரு.