கடையில் ஒரே நாற்காலி

ஜவுளிக்கடை முதலாளி ரத்தினசாமிக்கு, வேலைக்கு நிற்கும் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதில் ஒரு கிறுக்கு. கடையில் ஒரே நாற்காலி, அவருடையது. வேறு யார் உட்கார்ந்தாலும் வேலை போய்விடும்.

அன்று மாரிக்கனி மாட்டினாள்.

“அரகன்ட்னா என்ன? வாயைத் திறக்காம விளக்கு. முடியலைன்னா நாளையிலேர்ந்து வராதே.”

அவள் விறுவிறுவென்று போய் அவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, விரலைச் சொடுக்கி அவரையே கூப்பிட்டாள். மனிதர் திகைத்துப்போய் வந்து நின்றார்.

“இந்தத் திமிரை யாரைப் பாத்துக் கத்துக்கிட்ட?”

“இங்க வேற யாரு உட்கார்றாங்க முதலாளி?”

சேலை எடுக்க வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அந்தக் கூச்சத்தில் மறுநாளே எல்லாருக்கும் ஸ்டூல் வந்தது.

செண்பகம் நின்ற இடத்திலும் ஒன்று போட்டிருந்தார்கள். நின்று நின்று கால் நரம்பு சுருண்டு, அவள் போன மாதமே வேலையை விட்டுப் போயிருந்தாள்.

மாரிக்கனி அந்தக் காலி ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் போன மாசமே உட்கார்ந்திருக்கணும்.”