பாதி இறங்கிய சக்கரம்

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு மூங்கில் காடு. அந்தப் பக்கம் ஓர் ஏரி. இரண்டுக்கும் நடுவே செம்பன் என்ற கீரி ஒரு சின்ன விமானம் ஓட்டிவந்தது. அதில் கீரியும் இன்னொருவரும் மட்டுமே உட்காரலாம்.

ஒருநாள் பிற்பகல் ஓர் ஆமை வந்து ஏறிக்கொண்டது. ஏரிக்கரையில் அதன் தங்கை முட்டையிட்டிருந்தது. குஞ்சுகள் வெளிவரும் நாள் நெருங்கிவிட்டது. நடந்து போனால் பார்க்க முடியாது.

"பயமாக இருக்குமா தம்பி?" என்று கேட்டது ஆமை.

"என்னோடு வருகிறவர்களுக்கு என்ன பயம் அக்கா?" என்றது கீரி.

மலையுச்சியைத் தாண்டியதும் கீரியின் முன்னால் இருந்த விளக்குகள் மங்கின. வானொலி கரகரத்து ஓய்ந்தது. பிறகு எல்லாமே அணைந்துவிட்டன. விமானத்தில் மின்சாரம் போய்விட்டது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"விளக்கு ஏன் அணைந்தது?"

"பகலில் விளக்கு எதற்கு அக்கா? நான்தான் அணைத்தேன்."

மின்சாரம் இல்லாவிட்டால் சக்கரங்கள் தாமாக இறங்காது. இருக்கைகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி இருந்தது. அதை ஐம்பது முறை சுற்றினால்தான் சக்கரங்கள் முழுதாக இறங்கிப் பூட்டிக்கொள்ளும்.

ஆமையிடம் சொல்லலாமா? சொன்னால் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் இந்த விமானத்தில் யார் ஏறுவார்கள்? கீரி ஒரு கையால் விமானத்தைச் செலுத்திக்கொண்டு, மறு கையால் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியது.

"என்ன சுற்றுகிறாய்? நான் வேண்டுமானால்..."

"ஒன்றுமில்லை. நீங்கள் ஏரியைப் பாருங்கள்."

முப்பது சுற்றில் கீரியின் கை ஓய்ந்துவிட்டது. ஏரியும் கிட்டே வந்துவிட்டது. இவ்வளவு போதும் என்று கைப்பிடியை விட்டது. சக்கரம் பூட்டிவிட்டதா என்று காட்டும் விளக்கும் எரியவில்லை.

ஏரிக்கரை ஓடுபாதையைப் பார்த்துக்கொள்வது ஒரு கொக்கு. அது வானொலியில் கூப்பிட்டது. பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் சக்கரங்கள் பாதியில் தொங்கின. "இறங்காதே!" என்று கத்திக்கொண்டே சிறகுகளை வீசியது.

"கொக்கு ஏன் சிறகை வீசுகிறது?" என்று கேட்டது ஆமை.

"நம்மை வரவேற்கிறது" என்றது கீரி.

சக்கரங்கள் தரையில் பட்டதுமே மடங்கின. விமானம் வயிற்றால் தேய்ந்துகொண்டே போய் நாணல் புதருக்குள் நின்றது. மூக்கிலிருந்த விசிறி வளைந்துபோனது. கீரிக்கு முன்னங்கால் முறிந்தது. ஆமையின் ஓட்டில் ஓரமாக ஒரு சில்லு பெயர்ந்தது. கொக்கு ஓடிவந்து இருவரையும் வெளியே இழுத்துப்போட்டது.

கீரி அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னது.

"என் இரண்டு கையும் சும்மாதானே இருந்தன தம்பி?" என்றது ஆமை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐம்பது என்ன, நூறு முறை சுற்றியிருப்பேன்."

பிறகு அது தங்கை இருந்த பக்கம் மெல்ல நடக்கத் தொடங்கியது.

"திரும்பி எப்படிப் போவீர்கள் அக்கா?" என்று கீரி தயங்கிக் கேட்டது.

"நடந்துதான்" என்றது ஆமை, திரும்பிப் பார்க்காமல்.

ஆபத்து வந்ததை உடனிருப்பவரிடம் மறைப்பவர், கைக்கெட்டும் உதவியையும் இழந்துவிடுவார்.